மழை பெய்தால் மலையேற முடியாது

போன வாரம் கண்ட்ரோலரின் இடது ஜாய்ஸ்டிக் தானாகவே நகர ஆரம்பித்ததால், கோலாலம்பூரில் மின்பொருள் விற்கும் லோ யாட் வளாகத்தில் ஒரு கடையில் 60 வெள்ளி கொடுத்து மாற்றினேன். சரியாகிவிட்டதா என்று பார்க்கப் பழக்கதோஷத்தில் ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ கேமைத்தான் போட்டேன். பக்கத்தில் இருந்த சித்தி மகன், “அண்ணே, இந்த கேம் செகண்ட் ஹேண்ட்ல மலிவா வருது, வாங்கவா?” என்றான். பதில் சொல்வதற்குள் திரையில் மழை.

2017-இல் வந்த கேம். வாள் பொசுக்கென்று உடைகிறது என்று எல்லோரும் புலம்புவார்கள். எனக்கு அது பழகிவிட்டது. மழைதான் பழகவில்லை. கண்ணில் படும் எந்தப் பாறையிலும் ஏறலாம் என்று ஆசை காட்டிவிட்டு, உச்சிக்கு நாலு எட்டு இருக்கும்போது தூறும். வழுக்கும், மறுபடி ஏறுவேன், மறுபடி வழுக்கும், ஏறுவதற்கான தெம்பு, அதாவது ஸ்டாமினா, தீர்ந்து அடிவாரத்தில் கிடப்பேன். நிஜத்தில் செந்தூலில் சாயங்காலம் நாலு மணிக்கு நனைவது போதாதா?

ஒரு நாள் வெறுத்துப்போய்ப் பாறைக்கு அடியில் ஒதுங்கி, விறகோடு தீக்கல்லை வைத்து வாளால் அடித்தேன். தீப்பிடித்தது. இரண்டடி தள்ளி மழையில் வைத்தால் பிடிக்கவில்லை. இந்த இரண்டடியை எவரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்!

அன்று ராத்திரியே தேடினேன். இதை உருவாக்கியவர்கள் 2017-இல் கேம் உருவாக்குபவர்கள் கூடும் ஜிடிசி மாநாட்டில் பேசியது கிடைத்தது. அவ்வளவு பெரிய உலகத்தின் விதிகளை, 1986-இல் வந்த முதல் செல்டா மாதிரித் தட்டையான ஒரு சின்னப் படத்தில்தான் முதலில் சோதித்தார்களாம். தீ, நீர், மின்சாரம் போன்றவை பொருளை மாற்றும், ஒன்றையொன்றும் மாற்றும், ஒரு பொருள் இன்னொரு பொருளை மாற்றாது. அவ்வளவுதான்.

மறுநாள் நானே ஒரு விளையாட்டு செய்யக் கட்டம் போட்ட நோட்டில் ஒரு பாசார் மாலாம், அதாவது இரவுச் சந்தை, வரைந்தேன். தாயக்கட்டையில் ஒன்று விழுந்தால் மழை. சாத்தே அடுப்பு அணையும், படுதாவுக்குள் இருந்தால் அணையாது. மூன்று மாதமாகத் திருத்திக்கொண்டே இருக்கிறேன். சித்தி மகன் விளையாடிப் பார்த்துவிட்டு, “மழையத் தூக்கிடுங்கண்ணே, கடுப்பாகுது” என்றான். தூக்கவில்லை. 2023-இல் வந்த அடுத்த செல்டாவில் வழுக்கலைக் குறைக்க மருந்தே கொடுத்தார்கள். இத்தனை வருடம் திட்டியவன்தான் நான். ஆனாலும் அதைக் குடித்து ஏறியபோது சப்பென்று இருந்தது.

சரி, அவன் கேட்டதற்கு வருகிறேன். “வாங்காதடா, எரிச்சல்தான் மிச்சம்” என்றேன்.

“அப்ப உங்க கேம் கார்டையாவது ஒரு மாசம் குடுங்க.”

கொடுக்கவில்லை.