வெளி யூனிட் வைக்க இடமில்லையா? ஒற்றைக் குழாய் ஏசியை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்

அறை சிறியது, பால்கனி கிடையாது, வெளிச்சுவரில் யூனிட் மாட்ட வீட்டு உரிமையாளர் சம்மதிக்கவில்லை என்று சொன்னதுமே விற்பனையாளரின் முகம் மலர்ந்துவிட்டது. சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி ஒன்றைக் காட்டினார். சுவரில் துளை போட வேண்டாம், குழாயை ஜன்னல் வழியே நீட்டினால் போதும், ஒரு டன், ஸ்பிளிட் ஏசி தரும் அதே குளிர்ச்சி என்றார். அந்தக் கடைசி வார்த்தைதான் பொய்.

இந்த ஒற்றைக் குழாய் ஏசி, வெப்பத்தை வெளிவிடும் பகுதியான கண்டென்சரின் சூட்டைத் தணிக்க அறைக்காற்றையே இழுத்து வெளியே தள்ளுகிறது. நாம் மின்சாரம் செலவழித்துக் குளிர்வித்த காற்று அது! அதற்கு ஈடாகக் கதவிடுக்கிலும் ஜன்னலிடுக்கிலும் வெளிக்காற்று அனலோடு நுழைந்தே தீரும். ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்பும் வேலை. போதாக்குறைக்கு, அந்தக் குழாயே அறைக்குள் சூடேறிக் கிடக்கிறது. ஸ்பிளிட்டில் வெளியே போய்விடும் கம்ப்ரஸர் சத்தம் இதில் கட்டிலுக்குப் பக்கத்திலேயே உறுமுகிறது. இடம் மிச்சமாகும் என்றார்கள். நடக்கும் வழியைப் பெட்டி அடைத்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு), ஏறத்தாழ 3.5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும் திறன். ஆனால் பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிடும் எண், உள்ளே புகும் வெளிக்காற்றைக் கழிக்காத எண்ணாக இருக்கலாம். அமெரிக்காவில் அதைக் கழித்த ‘எஸ்.ஏ.சி.சி.’ என்ற அளவையும் தருகிறார்கள். அது கணிசமாகக் குறைவாக இருக்கும்.

வாங்கிய பெட்டி சரியாகக் குளிர்விக்கவில்லை என்று புகார் செய்ததும் மெக்கானிக் ஒருவர் வந்தார். எதையும் திறந்து பார்க்காமலே, "கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்றார். புத்தம்புதுப் பெட்டியில்! கேஸ் செலவாகித் தீரும் பொருளல்ல. மூடிய சுற்றில் சுழன்றுகொண்டே இருப்பது. கசிவு இருந்தாலொழியக் குறையாது. "கசிவு எங்கே என்று காட்டுங்கள்" என்றேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கடையிலோ, "குழாயை மாட்டிவிட்டீர்கள், இனித் திரும்ப எடுக்க முடியாது" என்று கையை விரித்தார்கள். மாட்டாமல் எப்படிச் சோதிப்பதாம்?

இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் ஜன்னல் ஏசி பொருந்துமா என்று அளந்து பாருங்கள். அதன் சூடான பகுதி வெளியே இருக்கும். கண்டென்சருக்கான காற்றையும் வெளியிலிருந்தே எடுக்கும். போர்ட்டபிள்தான் வழி என்றால் இரட்டைக் குழாய் உள்ளதைக் கேளுங்கள். ஒரு குழாய் வெளிக்காற்றை உள்ளே எடுக்கும், மற்றது சூட்டை வெளியேற்றும். அறைக்காற்று அவ்வளவாக வீணாகாது. திருப்பித் தரும் நிபந்தனையைப் பணம் கட்டும் முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைக்கும் ‘மினி ஏசி’யும் அதே கடையில் விற்பனைக்கு இருக்கிறது. வெப்பத்தை வெளியே கொண்டுபோக வழியே இல்லாத அது ஏசியே அல்ல, வெறும் ஏர் கூலர். அடைத்த அறையில் புழுக்கத்தைத்தான் கூட்டும்.