நகரியிலிருந்து பனிமலைக் கோயில்கள் வரை: ஒரு டீசல் வண்டியின் குளிர்கால அனுபவம்

ஆந்திர எல்லையிலுள்ள எங்கள் நகரியில் விசைத்தறி நூலும் துணிக்கட்டும் ஏற்றிக்கொண்டு புத்தூருக்கும் திருத்தணிக்கும் ஓடுகிற வண்டியே, மார்கழிக் கடைசியிலோ தை மாதத்திலோ எங்கள் குடும்பத்தை இமயமலைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியும் ஆகும். 2018-ஆம் ஆண்டு வாங்கிய, ஒன்றரை லிட்டர் டீசல் எஞ்சினும் முன்சக்கர இழுவையும் கொண்ட சாதாரண ஐந்து இருக்கை வண்டி அது. நான்கு சக்கர இழுவை இல்லாத வண்டியைப் பனி விழும் ஊர்களுக்குக் கொண்டுபோகலாமா என்று இப்பகுதி நண்பர்கள் தொடர்ந்து கேட்பதால், பல குளிர்காலங்களின் பயன்பாட்டை வைத்து இதை எழுதுகிறேன். என் உறுதியான கருத்து, கொண்டுபோகலாம் என்பதே. டயர், கூலன்ட், பேட்டரி, பிரேக் ஆகிய நான்கையும் ஊரிலிருந்து புறப்படும் முன்பே சரிசெய்திருக்க வேண்டும். சாலை மூடியிருந்தால் திரும்பிவிடும் மனமும் வேண்டும்.

குளிர்காலத்தில் கேதாரமும் பத்ரியும் மூடியிருக்குமே, பிறகு ஏன் அந்நேரம் போக வேண்டும் என்பது அடுத்த கேள்வி. தீபாவளிக்கு அடுத்து வரும் பாய் தூஜ் நாளில் கேதார்நாத் நடை சாத்தப்பட்டதும், ஐந்துமுக உற்சவ மூர்த்தி பல்லக்கில் இறங்கி வந்து ஊக்கிமட் ஓங்காரேஸ்வரர் கோயிலில் ஆறு மாதம் பூசை பெறுகிறார். பத்ரிநாத் பெரும்பாலும் நவம்பரில் மூடப்படுகிறது. அங்கிருந்து உத்தவரும் குபேரரும் பாண்டுகேஷ்வருக்கும், ஆதிசங்கரரின் பீடமான ‘கத்தி’ ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்கும் வருகின்றன. துங்கநாதருக்கு மக்குமட். இந்தக் குளிர்கால இருப்பிடங்கள் எல்லாம் வண்டி போகக்கூடிய ஊர்களில் இருப்பதால், முழங்கால் வலியுள்ள என் அம்மா போன்றவர்கள் குதிரையோ ஹெலிகாப்டரோ இல்லாமல், கோடைக்கால நெரிசலில் சிக்காமல், சன்னதி முன்பு அமைதியாக உட்கார்ந்து கும்பிட முடிகிறது. மேலே மூடிய கோயிலுக்குப் பதிலாகக் கீழே பார்க்கிற ஒன்று என்று இதை யாரும் குறைத்து எண்ணிவிடக் கூடாது. அந்த ஆறு மாதமும் வழிபாடு முறையாக நடப்பது இந்த ஊர்களில்தான்.

ஹரித்வார் வரையிலான பாதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருப்பதி, கடப்பா, கர்னூல் வழியாக ஹைதராபாத் போய், அங்கிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் நாக்பூர், ஜான்சி, குவாலியர், ஆக்ரா என்று நேராக வடக்கே ஏறிவிடலாம். நாக்பூருக்கு வடக்கே பெஞ்ச் காட்டுப்பகுதியில் விலங்குகள் அடியில் கடந்து போவதற்காகச் சாலையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பகுதியைப் பகலில் கடப்பது மனத்துக்கு நிறைவானது. ஆக்ராவுக்கு மேலே மூடுபனி வந்துவிடும் என்பதால், வெயில் ஏறிய பிறகே புறப்பட்டு, பொழுது சாய்வதற்குள் நிறுத்திவிடுவது எங்கள் வழக்கம். சமவெளியில் லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தரும் வண்டி, ரிஷிகேஷுக்கு மேலே பதின்மூன்று, பதினான்குக்கு இறங்கிவிடுகிறது. நாலு பேரும் கம்பளி மூட்டைகளுமாக ஏறும்போது அதற்குமேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

குளிரில் முதலில் கவனிக்க வேண்டியது டீசல். டீசலில் மெழுகுத்தன்மையுள்ள பொருள் உண்டு; குளிர் கூடக்கூட அது திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். நம் நாட்டில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் டீசலின் தர அளவுகள் வேறுபடுகின்றன: உறைந்து ஓடாமல் நின்றுவிடும் வெப்பநிலைக்கான உச்ச வரம்பு கோடை டீசலுக்கு 15 டிகிரி, குளிர்கால டீசலுக்கு 3 டிகிரி. லடாக் போன்ற பகுதிகளுக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. ஊக்கிமட், ஜோஷிமட் உயரங்களில் அதற்குத் தேவை ஏற்பட்டதில்லை. தெற்கே நிரப்பிய டீசலை வழியிலேயே தீர்த்துவிட்டு, ஸ்ரீநகரிலும் ருத்ரப்பிரயாகையிலும் (இந்த ஸ்ரீநகர் கட்வாலில் உள்ளது, காஷ்மீரில் உள்ளது அல்ல) உள்ளூர் பங்க்கில் டேங்கை நிரப்பிக்கொண்டால் போதும். காலி டேங்கோடு இரவில் நிறுத்தினால் உள்ளே ஈரம் படியும் என்பதால், எந்த ஊரில் தங்கினாலும் பாதிக்குக் குறையாமல் டீசல் வைத்திருப்பேன்.

கூலன்ட் விஷயத்தில் நம் பக்கத்துப் பழக்கம் ஆபத்தானது. கோடையில் ரேடியேட்டரில் அளவு குறைந்தால் பாட்டில் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறோம். அது இங்கே சூட்டைத் தாங்கிவிடும், பனியில் தாங்காது. கூலன்ட்டை உறையாமல் காக்கும் எத்திலின் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதியாக இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது; மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தால் மைனஸ் 18-க்குப் பக்கத்திலேயே உறையத் தொடங்கிவிடும்; வெறும் தண்ணீர் உறைந்தால் எஞ்சின் பிளாக்கையே பிளந்துவிடும். “அண்ணா, பழசு மேல புதுசு ஊத்தாதீங்க, மொத்தமும் இறக்கிட்டுத்தான் ஊத்தணும்” என்று புத்தூரில் என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் தம்பி ஐப்பசியிலேயே சொல்லிவிடுவார். அவர் சொல்படி முழுவதும் வடித்து மாற்றியதால் எந்த ஆண்டும் அந்தப் பக்கம் தொல்லை வந்ததில்லை. கண்ணாடி கழுவும் தொட்டியிலும் வெறும் தண்ணீர் இருக்கக் கூடாது. அதற்கென்று விற்கும் உறையாத திரவத்தை ஊற்ற வேண்டும்.

பேட்டரி உறைநிலைக் குளிரில் எஞ்சினைச் சுழற்றி எழுப்பும் திறனில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. நகரியில் சுறுசுறுப்பாக ஸ்டார்ட் ஆகும் நான்கு வயதுப் பேட்டரி, ஊக்கிமட்டுக்கு மேலேயுள்ள சோப்தாவின் விடியலில் முனகிக்கொண்டு நிற்கும். ஆகவே மூன்று ஆண்டுகள் முடிந்ததும் மாற்றிவிடுகிறேன்; அந்தச் செலவைப் பார்க்கக் கூடாது. வண்டியின் உண்மையான குறை இவ்விடத்தில்தான் வெளிப்பட்டது. குளிர்ந்த டீசல் எஞ்சின் எழுவதற்கு உள்ளே சூடேற்றிக் கொடுக்கும் க்ளோ பிளக்குகளில் இரண்டு செயலிழந்திருந்தும் ஊரின் வெப்பத்தில் அது தெரியவே இல்லை. நான் வழக்கமாகச் சர்வீஸ் விடும் நிறுவனப் பணிமனையிலும் யாரும் சோதித்துச் சொல்லவில்லை. மலையில் காலையில் வெள்ளைப் புகையும் நடுக்கமுமாக எஞ்சின் எழுந்தபோதுதான் ருத்ரப்பிரயாகையில் ஒரு சிறிய கடையில் பார்த்து மாற்றினார்கள். வடக்கே புறப்படுகிறவர்கள் க்ளோ பிளக்கைத் தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

டயரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். வண்டியோடு வந்த டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போனதும் விறைத்துப் பிடிப்பை இழந்துவிடுகிறது. பக்கச்சுவரில் எம் ப்ளஸ் எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பொறித்த, ஆழமான பள்ளங்கள் உள்ள டயரை இப்போது போட்டிருக்கிறேன். புதுப்பனியிலும் சேற்றிலும் அது நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் இரைச்சலும் கூடுகிறது, மைலேஜும் சற்றே குறைகிறது. வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும், மறுபுறம், உயரம் ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவி கூட்டிக் காட்டவும் செய்யும். ஊரில் பிடித்த காற்றை நம்பி இருக்காமல், தங்குமிடத்தில் காலையில் வண்டி எடுக்கும் முன் ஒரு சிறிய கையளவியால் பார்த்துச் சரிசெய்வது நல்லது.

ஆனால் பனியைவிட அச்சப்பட வேண்டியது, தார்ச்சாலைமேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டி. ஊக்கிமட்டிலிருந்து சோப்தா வழியாகக் கோபேஷ்வருக்குப் போகும் காட்டுச்சாலையில், வெயில் படாத வடபுறத்து வளைவுகளில் பகல் பதினொரு மணிக்கும் அது கரையாமல் கிடக்கும். அங்கே எந்த டயரும் உதவாது, நான்கு சக்கர இழுவையும் நிறுத்தித் தராது. இரும்புச் சங்கிலி மட்டுமே உதவும். முன்சக்கர இழுவை வண்டிக்குச் சங்கிலியை முன்சக்கரங்களில் மாட்ட வேண்டும். மாட்டிச் சிறிது தூரம் ஓட்டியபின் இறங்கி மறுபடி இறுக்க வேண்டும். முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. வெறுந்தார் வந்ததும் கழற்றிவிட வேண்டும். கை விறைத்த நிலையில் முதன்முதலாகக் கற்றுக்கொள்ளும் வேலை அது அன்று. நானும் என் மச்சானும் நகரியில் வீட்டு வாசலிலேயே பலமுறை மாட்டிக் கழற்றிப் பழகிக்கொண்டோம். பனி மிகுந்து அந்தச் சாலை மூடப்படும் நாட்களும் உண்டு. அப்போது குண்ட் வரை இறங்கி, ருத்ரப்பிரயாகை வந்து, கர்ணப்பிரயாகை வழியாகச் சுற்றிக்கொண்டு போவதே வழி. ஒரு பகல் கூடுதலாகும். அதையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது சமவெளி ஓட்டுநர்களின் குணம். நம் பக்கத்தவர்களுக்குத் திருமலை இறங்குபாதை நல்ல பயிற்சி. அங்கே வேகமாக இறங்க விடமாட்டார்கள் என்பதால் இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சினின் பிடியில் இறங்கப் பழகியிருக்கிறோம். இமயத்திலும் அதே முறைதான், நாள் முழுக்க. பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. ஈரம் ஏறினால் சூட்டில் கொதித்துப் பெடல் பஞ்சுபோல அமுங்கிவிடும் என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். இரவில் ஹேண்ட்பிரேக் போட்டால் கேபிள் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். பனி குவிந்து புகைக்குழாய் மூடியிருக்கும்போது, சூட்டுக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளே படுத்திருப்பது உயிருக்கே ஆபத்து. கரியடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொள்வதும் அப்படித்தான்.

இத்தனையும் எதற்காக என்றால், அந்த ஊர்களுக்காகத்தான். ரிஷிகேஷிலிருந்து 70 கிலோமீட்டரில் வரும் தேவப்பிரயாகை, பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். குளிர்காலத்தில் பாகீரதியும் அளகநந்தாவும் தெளிந்த நிறத்தில் ஓடிக் கலப்பதை ரகுநாதர் கோயில் படியிலிருந்து பார்க்கலாம். மழைக்காலச் சேற்றுநீரில் இது கிடைக்காது. ருத்ரப்பிரயாகையில் மந்தாகினிக் கரையாகத் திரும்பினால் அகஸ்தியமுனி என்றே ஓர் ஊர், அகத்தியருக்கு அங்கே கோயில். பொதிகை மலையின் முனிவரை இமயத்தின் அடிவாரத்தில் வணங்குவது தமிழர்களுக்கு ஒரு பேறு. அதற்கு மேலே ஊக்கிமட். எங்கள் பக்கத்துக் காளத்தியில் நின்றபடியே சம்பந்தரும் சுந்தரரும் கேதாரத்தைப் பாடினார்கள் என்பது பெரியபுராணச் செய்தி. காளத்திக்கு அடிக்கடி போய்வரும் அம்மா, ஓங்காரேஸ்வரர் சன்னதியில் அந்தப் பதிகத்தைத் தாழ்ந்த குரலில் சொன்னபோது, அங்கிருந்த பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

திருத்தணிக்கு ஆடிக்கிருத்திகைக் காவடி எடுக்கும் ஊர்க்காரர்கள் யாரும் கார்த்திக்சுவாமியை விட்டுவிடக் கூடாது. ருத்ரப்பிரயாகையிலிருந்து போக்ரி போகும் சாலையில் கனக்சௌரி என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தி, ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் மலைமுதுகில் நடந்தால், 3,050 மீட்டர் உயரத்தில் முருகன் கோயில். உலகைச் சுற்றும் போட்டியில் பிள்ளையாரிடம் தோற்ற முருகன், தன் சதையையும் எலும்பையும் பெற்றோருக்கே அளித்துவிட்டதாக அந்த ஊர்க் கதை. பழனிக் கோபத்தைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அதே கனிக்கதை இங்கே தியாகத்தில் முடிவது நெஞ்சைத் தொட்டது. அம்மாவால் நடக்க முடியவில்லை. என் மனைவி மட்டும் என்னோடு வந்தாள். பாதை முழுக்கப் பனி மிதிபட்டு இறுகியிருந்ததால், காலணிக்கு மாட்டும் ஆணிப்பட்டை இல்லாமல் ஏறியிருக்க முடியாது.

ஜோஷிமட் திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி என்று வைணவர்கள் கொள்ளும் தலம். நரசிம்மரின் மெலிந்துவரும் மணிக்கட்டையும், சங்கரரின் பெயரோடு சொல்லப்படும் பழைய முசுக்கட்டை மரத்தையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் 2023 ஜனவரியில் அந்த ஊரின் நிலம் அமிழ்ந்து, நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டு, குடும்பங்கள் வெளியேற்றப்பட்டதை நாம் மறக்கக் கூடாது. பாரம் சுமக்க முடியாத மண்ணின்மேல் என் பங்குக்கும் ஒரு பாரம் வேண்டாம் என்று, அதன் பிறகு பீப்பல்கோட்டியில் தங்கி, பகலில் போய்த் தரிசனம் செய்துவிட்டு, பாண்டுகேஷ்வர் வரை சென்று திரும்புகிறோம். பத்ரிநாத்தின் தலைமைப் பூசகரான ராவல் கேரளத்து நம்பூதிரி, கேதாரத்து ராவல் கர்நாடகத்து வீரசைவர் என்பதால், தென்னாட்டார் என்று சொன்னால் இந்த ஊர்களில் தனி வாஞ்சை காட்டுகிறார்கள்.

வண்டி இப்போது ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. எஞ்சினில் எண்ணெய்க் கசிவு இல்லை. கிளட்ச் ஒருமுறை மாற்றப்பட்டது. முன்சக்கரங்களைத் தாங்கும் லோயர் ஆர்மிலுள்ள ரப்பர் புஷ்கள் மலைச்சாலையில் சீக்கிரம் தேய்ந்து, சமவெளிக்கு வந்ததும் தட்டும் சத்தம் கொடுக்கின்றன. சாலைக்கு உப்பு தூவிய இடங்களைக் கடந்திருந்தால், ஹரித்வார் இறங்கியதுமே அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் துரு ஏறும். இந்த ஐப்பசிக்குள் புஷ்களையும், ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்துவிட்ட முன் டயர்கள் இரண்டையும் மாற்றி, கூலன்ட்டை இறக்கி ஊற்றச் சொல்லிப் புத்தூரில் நாள் குறித்திருக்கிறேன். இம்முறை கங்கோத்ரி அன்னையின் குளிர்கால இருப்பிடமான முக்பாவுக்கு, உத்தரகாசி வழியாகப் போவதாக உத்தேசம்.