அட்டையா, புகாரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டமொன்றில் எடைக்கணக்கு எழுதும் இளம் கிராணி ஒருவர், டிஸ்லெக்சியா எனும், படிப்பதிலும் எழுதுவதிலும் தடுமாற்றம் தரும் கற்றல் குறைபாட்டால் எண்களை இடம் மாற்றி எழுதி எச்சரிக்கைக் கடிதம் பெற்றால், அவர் முன் இரு வழிகள் உள்ளன. சமூக நல இலாகாவில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிந்து மாற்றுத்திறனாளி அட்டை பெறுவது ஒன்று. ஆனால் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வேலையில் சம உரிமையை அறிவிக்கிறதே தவிர, அதை மீறும் முதலாளிக்குத் தண்டனை விதிக்கவில்லை.

மற்றொன்று தொழிலாளர் இலாகாவில் புகார் செய்வது. 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, பாகுபாட்டுத் தகராறை அந்த இலாகாவின் தலைமை இயக்குநர் விசாரித்து ஆணையிடலாம். ஆணையை மீறினால் 50,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. எனினும் பாகுபாடு எதுவென அச்சட்டம் வரையறுக்காததால், தம் குறைபாட்டை எடுத்துக்காட்டும் சுமை நடைமுறையில் தொழிலாளியின் தோளில்தான் விழுகிறது. அங்கே மருத்துவர் உறுதிசெய்த அட்டையே கைகொடுக்கும். பிள்ளை அட்டை பெற்றால் எழும் ஊர்ப் பேச்சுக்கு அஞ்சும் பெற்றோரின் வேதனை எனக்குப் புரிகிறது. ஆயினும் முதலில் அட்டையைப் பெறுவதே நல்லது என்பேன்.