டர்போ வேகனுடன் 5 ஆண்டுகள்: வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு

சிறிய அளவிலான, வேகத்துக்கென்றே தயாரிக்கப்பட்ட டர்போ வேகன் (கூரை டிக்கியின் கடைசி வரை நீண்ட, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ பொருத்திய கார்) ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று 5 ஆண்டுகளுக்கு முன் நான் மூன்று மாதங்கள் தயங்கிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குக் கிடைத்த ஆலோசனைகள் எல்லாம், நின்ற நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தை எத்தனை விநாடியில் தொடும், டிக்கியில் எத்தனை லிட்டர் இடம் இருக்கிறது என்ற இரண்டு எண்களோடு நின்றுவிட்டன. அந்த இரண்டு எண்களும் ஒரே நாளில், ஒரே பயணத்தில் சந்திக்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

இரண்டு வயதான, 31,000 கி.மீ. ஓடிய வண்டியைத்தான் வாங்கினேன். இப்போது 1,18,000 கி.மீ. ஆகிறது. 2 லிட்டர் நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், சுமார் 300 குதிரைத்திறன், இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பாக்ஸ், நான்கு சக்கர இயக்கம். முன்கதவுகள் வரை அதே குடும்பத்து ஹேட்ச்பேக்தான். அதற்குப் பின்னால் கூரை நீண்டு, பின்கண்ணாடி ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும்.

இந்த வகை புதிதன்று. போர்ஷேயுடன் சேர்ந்து ஆவ்டி உருவாக்கிய ஆர்எஸ்2 அவான்ட் 1994-இல் 2.2 லிட்டர் ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினிலிருந்து 315 குதிரைத்திறனைத் தந்தது. அதே ஆண்டு வோல்வோ தன் 850 எஸ்டேட்டை (வேகனுக்குப் பிரிட்டனில் வழங்கும் பெயர்) பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்திலேயே இறக்கியது. 1990-களில் சுபாரு இம்ப்ரெசாவும், 2005-இல் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் டர்போ வேகனாக வந்தன. இத்தகைய வேகமான வேகன்களில் பல பெரும் எண்ணிக்கையில் விற்கவில்லை. வாங்குபவருக்கு இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு: பழைய வண்டிச் சந்தையில் தேர்வு குறைவு, கிடைப்பவற்றிலும் பல முந்தைய உரிமையாளரின் ஆசைக்கேற்ப மாற்றப்பட்டவை.

வாங்குவதற்கு முன் நான் அந்த வண்டியைத் தனியாக, காலியாக, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். அது தவறு என்பது முதல் நீண்ட பயணத்தில்தான் புரிந்தது. காலியாக இருக்கும்போது பின்பக்க ஸ்பிரிங்குகள் இறுக்கமாக இருப்பதால், சாலையின் ஒவ்வொரு ஒட்டும் பின்இருக்கைக்கு வந்து சேரும். என் தந்தை முதல் முறை அதில் அமர்ந்துவிட்டு, இதற்குப் பேருந்தே மேல் என்றார். ஆனால் நான்கு பேரும் டிக்கி நிறையச் சாமான்களும் ஏறியதும் ஸ்பிரிங் சற்று அமர்ந்து, அதே வண்டி அமைதியாகிவிடுகிறது. சுமையைத் தாங்க வேண்டும் என்பதற்காகவே வேகன்களின் பின்பக்கத்தை இறுக்கமாக அமைக்கிறார்கள். வண்டியின் உண்மையான குணம் சுமையோடுதான் வெளிப்படுகிறது.

எஞ்சினுக்கும் இது பொருந்தும். டர்போ இல்லாத சிறிய எஞ்சினில், குடும்பமும் மூட்டைகளும் ஏறிய நாளில் மேட்டில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் இரண்டு கியர் குறைத்து, எஞ்சின் கதறும்வரை மிதிக்க வேண்டும். என் வண்டியில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுழற்சியைத் தாண்டியதுமே இழுவிசை முழுமையாக வந்துவிடுகிறது. எதிர்த்தடத்தில் இருக்க வேண்டிய நேரம் பாதியாகக் குறைகிறது. மலைப்பாதைகளில் வேறுபாடு இன்னும் கூடும். காற்று அடர்த்தி குறைவதால் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குத் திறனை இழக்கும். டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். விநாடிக் கணக்குகளை நான் இரண்டாம் மாதத்திலேயே மறந்துவிட்டேன். இந்த முந்தும் திறனை இன்றுவரை வாரந்தோறும் பயன்படுத்துகிறேன். என்னைவிட அதிகம் இந்த வண்டியை ஓட்டுபவர் என் மனைவி. ஸ்போர்ட் பொத்தானை அவர் ஒருமுறையும் தொட்டதில்லை, தேவைப்பட்டதாகவும் சொன்னதில்லை.

டிக்கியைப் பொறுத்தவரை, லிட்டர் கணக்கைவிட வாசலின் உயரமே முக்கியம் என்பது என் கருத்து. எஸ்யூவியில் இடுப்புக்கு மேல் தூக்கி வைக்க வேண்டிய பெட்டியை இதில் முழங்காலுக்குச் சற்று மேலே தூக்கினால் போதும். பின்இருக்கைகளை மடித்தால் பெரியவர்களின் சைக்கிளை முன்சக்கரத்தை மட்டும் கழற்றிவிட்டுப் படுக்க வைக்கலாம். குறைகளும் இருக்கின்றன. நிமிர்ந்த பின்பக்கத்தில் காற்று பிரிந்து சுழல்வதால் தூசியும் சேறும் பின்கண்ணாடியிலேயே வந்து படியும். பின் வைப்பர் இல்லாமல் மழைக்காலத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. மூடிய டிக்கி இல்லாத நீண்ட உடல் ஒரு மிருதங்கத்தைப் போல் சைலன்சரின் ஓசையைப் பெருக்குகிறது. 2,200 சுழற்சியையொட்டிய அந்த முணுமுணுப்பு நெடுஞ்சாலையில் மூன்றாவது மணி நேரத்தில் தலையை வலிக்கச் செய்யும்.

இனி செலவு. நகருக்குள் லிட்டருக்கு 8.8 கி.மீ., நெடுஞ்சாலையில் 12.8 கி.மீ. என்பது என் கணக்கேட்டின் சராசரி. தயாரிப்பாளர் பரிந்துரைத்த உயர் ஆக்டேன் பெட்ரோலையே போடுகிறேன். குறைந்த ஆக்டேனைப் போட்டால் எஞ்சின் உடனே கெட்டுவிடாது. நாக்கிங்கை (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவதை) உணர்ந்ததும் கணினி தீப்பொறியின் நேரத்தைத் தள்ளிவைத்து எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அப்படிக் காப்பாற்றிக்கொள்ளும்போது நாம் காசு கொடுத்து வாங்கிய திறன்தான் குறைகிறது.

ஆயில் விஷயத்தில் நான் கறாரானவன். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுழற்சிகளுக்கு மேல் சுழலக்கூடியது. அது மிதப்பது ஒரு மெல்லிய ஆயில் படலத்தில். போதாக்குறைக்கு, நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் தெளிக்கும் எஞ்சின்களில், குறுகிய தூரம் மட்டும் ஓட்டினால் எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்கிறது. கையேடு 15,000 கி.மீ. என்கிறது, நான் 8,000-இல் மாற்றுகிறேன். குறைந்த சுழற்சியில் அழுத்தமாக மிதிக்கும்போது காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை முன்கூட்டியே வெடிக்கும் சிக்கல் டர்போ எஞ்சின்களுக்கு உண்டு என்பதால், 2020 முதல் வந்துள்ள ஏபிஐ எஸ்பி தர (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரக் குறியீடு) ஆயிலையே கேட்டு வாங்குகிறேன். மலையேறி வந்த சூட்டோடு எஞ்சினை அணைக்காமல், கடைசி இரண்டு மூன்று கி.மீ. தூரத்தை மெதுவாக ஓட்டி வருவதும் பழக்கமாகிவிட்டது.

அப்படியும் 96,000 கி.மீ.-இல் காலை நேரத்தில் எஞ்சின் தடுமாறத் தொடங்கியது. பெட்ரோல் உள்வால்வுகளின் மேல் படாமல் நேரே சிலிண்டருக்குள் செல்வதால், அவற்றைக் கழுவ எதுவும் இல்லை. கரி படிந்துகொண்டே போகும். வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்தார்கள். ஒரு முழு நாள் வேலை. அதற்கு முன் 74,000-இல் தெர்மோஸ்டாட்டின் (எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின்) பிளாஸ்டிக் உறை விரிசல்விட்டுக் கூலன்ட் கசிந்தது. வீட்டு வாசலில் தரையில் ஒரு சிறு ஈரத்தைக் கவனித்ததால் தப்பித்தோம்.

எனக்கு அதிக எரிச்சல் தந்தது டயர்தான். 19 அங்குல ரிம்மில் டயரின் பக்கச்சுவர் ஒரு விரல் நீளம்கூட இருக்காது. இரண்டாம் ஆண்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஒரு ரிம் வளைந்து, டயரும் கிழிந்தது. பட்டறைக்காரர் அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றிவிட்டார். எனக்கும் அப்போது விவரம் போதவில்லை. நான்கு சக்கர இயக்கத்தில், தேய்ந்த டயரும் புதிய டயரும் வெவ்வேறு சுற்றளவோடு உருண்டால், முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறும். சில வாரங்களில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது; நான்கு டயர்களையும் மாற்ற வேண்டியதாயிற்று. அத்தோடு 18 அங்குல ரிம்முக்கு இறங்கிவிட்டேன். தோற்றத்தில் கொஞ்சம் குறைந்திருக்கலாம். என் தந்தை பேருந்தைப் பற்றிப் பேசுவதை அதன்பின் நிறுத்திவிட்டார்.

ஆகவே, யார் வாங்கலாம்? பெரும்பாலும் ஒருவராகவே நகருக்குள் ஓட்டுபவருக்கு இது வீண். அவருக்கு அதே எஞ்சின் கொண்ட ஹேட்ச்பேக் இலகுவாகவும் துடிப்பாகவும் இருக்கும். இடம் மட்டுமே வேண்டுவோருக்கு 150 குதிரைத்திறன் சாதாரண வேகன் போதும். கரியும் ஆயிலும் அதற்கும் உண்டு என்றாலும் டயர், பிரேக், எரிபொருள் செலவு வெகுவாகக் குறையும். வீட்டில் ஒரே வண்டிதான் நிறுத்த முடியும், அது மாதம் ஒருமுறையாவது நிறைந்த சுமையோடு நெடுந்தூரம் போகும், ஓட்டுவதிலும் உங்களுக்கு ஆசை இருக்கிறது என்றால் மட்டுமே இந்தக் கூடுதல் செலவுக்குப் பொருள் இருக்கிறது.

பழைய வண்டியாக வாங்குவதென்றால், விற்பவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைக்க விடாதீர்கள்; குளிர்ந்த நிலையில் உங்கள் முன்னிலையிலேயே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நான்கு டயர்களும் ஒரே வகையா, ஒரே தேய்மானமா என்று குனிந்து பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடிக்கும்போது வண்டி குதித்தால் இயக்கத்தொடரில் (எஞ்சினின் திறனைச் சக்கரங்களுக்குக் கொண்டுசெல்லும் பாகங்களில்) கோளாறு இருக்கலாம். எஞ்சின் கணினியின் நிரல் மாற்றப்பட்டிருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலையும், பின்னச்சு இணைப்பின் ஆயிலையும் மாற்றிய ரசீதுகளைக் கேளுங்கள். பின்பு, விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, வீட்டார் மூவரையும் இரண்டு கனமான பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டுச் சாலையில் ஓட்டிப் பாருங்கள்.

என் வண்டிக்கு 1,20,000-இல் கியர்பாக்ஸ் ஆயில் மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றுவதற்கு முன் விற்றுவிடலாமா என்று சென்ற மாதம் வீட்டில் பேசினோம்; மனைவி வேண்டாமென்றார். இன்னொன்று வாங்கும் நாள் வந்தால், இதே வகையில் திறன் ஒரு படி குறைந்த மாதிரியை, முதலிலிருந்தே 18 அங்குல ரிம்மோடு தேடுவேன்.