போடிமெட்டு இறக்கமும் என் முன்பிரேக்கும்: 24,000 கிலோமீட்டருக்குப் பின்

பூப்பாறையில் குடியிருக்கும் நான், ஏலத்தோட்ட வேலையாக வாரம் இருமுறை போடிநாயக்கனூர் சென்று வருகிறேன். என்னுடையது 2016-இல் வாங்கிய 150 சிசி வண்டி. 125 சிசி-க்கு மேற்பட்டவற்றுக்கு 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) கட்டாயமானதற்கு முந்தையது என்பதால், முன்னால் ஒற்றை டிஸ்க்கும் பின்னால் டிரம்மும் மட்டுமே உண்டு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மதியம், பின்னால் ஏலக்காய் மூட்டையுடன் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழ் வளைவுகளை நெருங்குகையில் முன்பிரேக் லிவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை வந்துவிட்டது. இரண்டாவது கியருக்கு இறக்கிப் பின்பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினேன். அரை மணி நேரம் வண்டி ஆறியதும் லிவர் பழையபடி இறுகிவிட்டது.

டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் தேய்ந்திருக்கும், பெரிய டிஸ்க் போட வேண்டும் என்றுதான் நினைத்தேன். போடியில் எனக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக், "தம்பி, டிஸ்க்கைப் பெருசு பண்றதுக்கு முன்னாடி ஆயிலைப் பாருங்க" என்று பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து காட்டினார். நான்கு ஆண்டுகளாக மாற்றப்படாத ஆயில், கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. டாட் 3, டாட் 4 என்பவை அதன் தர வகைகள். டாட் 3 வகைக்குப் புதிதாக இருக்கையில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸ் என்றால், ஈரம் ஏறியபின் அது 140 மட்டுமே. டாட் 4 வகைக்கு அவை 230, 155. நீண்ட இறக்கத்தில் விடாமல் பிடித்தபடியே வந்தால் பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அழுந்தாது, குமிழ் அழுந்தும் என்பதால் கையின் விசை பேடைச் சென்றடைவதில்லை. ஆறு மாதம் மழையும் பனிமூட்டமுமாக இருக்கும் எங்கள் மலையில், பழைய ஆயில் எவ்வளவு ஈரம் குடித்திருக்கும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

ஆகவே டிஸ்க்கை அப்படியே விட்டுவிட்டு டாட் 4 ஆயில், எஃகு வலை சுற்றிய ஹோஸ் (ஆயில் செல்லும் குழாய்), சின்டர்டு பேட் (உலோகத்தூளை அழுத்திச் சூடாக்கிச் செய்தது) ஆகிய மூன்றையும் மாற்றினேன். ஹோஸை வேறொரு கடையில் பொருத்தியபோது பழைய தாமிர வாஷர்களையே மீண்டும் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை இணைப்பில் கசிந்த ஆயில் மட்கார்டின் பெயின்டை அரித்திருந்தது. புது வாஷர் போட்டு, குழாய்க்குள் புகுந்த காற்றை மீண்டும் வெளியேற்றிய பிறகே கசிவு நின்றது. இந்த வேலை செய்பவர்கள் தயவுசெய்து வாஷரைக் கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். சில ரூபாய்ப் பொருள்தான், ஆனால் பிரேக் முழுவதும் அதை நம்பியிருக்கிறது.

ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் சற்று உப்புவதால் வரும் மெத்தென்ற உணர்வு முதல் நாளே மறைந்தது. பேடின் அருமை ஆனியில்தான் தெரிந்தது: பூப்பாறைப் பக்கம் நனைந்து ஊறிய டிஸ்க்கில், பழைய பேட் முதல் பிடிக்கு வழுக்கிவிட்டுத்தான் பற்றும், இது ஏறக்குறைய உடனே பற்றுகிறது. மெட்டைத் தாண்டி மழை மறைவான போடிச் சரிவின் வெயிலில் இறங்கும்போதும் பிடி தளர்வதில்லை.

குறைகளும் உண்டு. குளிர்ந்த காலையில் பேட் கிறீச்சிடுகிறது. டிஸ்க்கையும் கூடுதலாகத் தேய்க்கிறது. 4.0 மி.மீ. இருந்த டிஸ்க், 24,000 கிலோமீட்டருக்குப் பின் இப்போது 3.7 மி.மீ.; அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமன் 3.5.

நான் இறங்கும் முறையும் மாறிவிட்டது. இரண்டாம், மூன்றாம் கியரில் இன்ஜினைப் பிடிக்கவிட்டு, வளைவுக்கு முன் உறுதியாக அழுத்தி உடனே விட்டுவிடுகிறேன். ஆண்டுதோறும் வைகாசியில், மழை தொடங்குமுன் ஆயிலை மாற்றுகிறேன். அடுத்த வைகாசியில் டிஸ்க்கின் தடிமனை மீண்டும் அளந்து, 3.5-ஐ நெருங்கியிருந்தால் அதே அளவில் புதியது போடப் போகிறேன்.