எண்ணை விளக்க எது நல்லது: தட்டா, லிஃப்டா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அக்கா மகள் கேட்டாள்: "மாமா, மூணுன்னா என்ன?" மூன்று விரலைக் காட்டினேன். "அது விரல்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி.

இதை இரண்டு விதமாக விளக்கலாம். முதலாவது, சோடி சேர்ப்பது. பசியாறும்போது ஆளுக்கு ஒரு தட்டு வைக்கிறோம். ஆளும் மிஞ்சவில்லை, தட்டும் மிஞ்சவில்லை என்றால் இரண்டுக்கும் ஒரே எண். இதற்கு எண்ணத் தெரிந்திருக்கவே வேண்டாம். மூன்று ஆள், மூன்று தட்டு, மூன்று வடை, எல்லாவற்றுக்கும் பொதுவாக இருப்பதுதான் மூன்று. 1884-இல் ஜெர்மன் கணித அறிஞர் ஃபிரேகெ எண்ணை விளக்கியதும் இந்த வழியில்தான்.

இரண்டாவது, வரிசை. ஓர் இடத்தில் தொடங்கு. ஒவ்வோர் எண்ணுக்கும் அடுத்தது ஒன்று உண்டு. 1889-இல் இத்தாலியக் கணித அறிஞர் பியானோ இதை விதிகளாக எழுதினார். இங்கே மூன்று என்பது இரண்டுக்கு அடுத்த இடம். கோலாலம்பூர் லிஃப்ட் இதற்கு அருமையான பாடம். சீன மொழியில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி என்பதால், பல கட்டடங்களில் 4-க்குப் பதில் '3ஏ' என்று பொத்தான் இருக்கும். பெயர் மாறினாலும் அந்த மாடி மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான். எண் வேறு, அதற்கு இட்ட பெயர் வேறு என்று பிள்ளைக்கு அங்கேயே புரியும். அப்புறம், தரைத்தளத்துக்குக் கீழே இறங்கினால் மைனஸ் எண்களும் வந்துவிடும். தட்டை வைத்து மைனஸ் ஒன்றைக் காட்ட முடியாது.

ஆனாலும் சின்னப் பிள்ளைக்கு நான் தட்டில்தான் தொடங்குவேன். வரிசையை மட்டும் கற்ற பிள்ளை பத்துவரை பாட்டாக ஒப்பிக்கும். "அஞ்சு வடை எடு" என்றால் எங்கே நிறுத்துவதென்று தெரியாது. தட்டு பழகிய பிறகு லிஃப்டுக்கு அழைத்துப் போகலாம்.