மடலாடற்குழுவில் பதினைந்து ஆண்டுகள்: ஓர் அனுபவப் பகிர்வு

வடசென்னையின் பழைய கதைகளைப் பேசும் மடலாடற்குழு ஒன்றில், அதாவது மின்னஞ்சல் வழியே உறுப்பினர்கள் எல்லோரும் பேசிக்கொள்ளும் குழுவில், 2009 முதல் இருக்கிறேன். சில ஆண்டுகளாக, மடல்களைக் கவனித்து நெறிப்படுத்தும் அதன் மட்டுறுத்துநர்களில் நானும் ஒருவன். வாட்ஸ்ஆப் வந்த பிறகு பலர் அங்கே போய்விட்டார்கள். நான் போகாததற்குக் காரணம் ஒன்றுதான். பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட மடலை இங்கே இன்றும் தேடி எடுக்கலாம். ஆனால் அது எளிதில் கைக்கு வருமா என்பது, எழுதியவர் அன்று காட்டிய அக்கறையைப் பொறுத்தது.

தம் அப்பா துறைமுகத்தில் சுமை தூக்கிய நாட்களைப் பற்றி நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கூலி, வேலை நேரம், காசிமேட்டுக்கு நடந்தே திரும்பிய வழி என எல்லாம் அதில் இருந்தது. பின்னாளில் அது தேவைப்பட்டபோது இரண்டு மாலைப் பொழுதுகள் தேடினேன். கடைசியில் 'மறு: மறு: பொங்கல் வாழ்த்துகள்' என்ற தலைப்பின்கீழ் கிடைத்தது. வாழ்த்துக்கு மறுமொழி எழுத உட்கார்ந்தவருக்கு அப்பாவின் நினைவு வந்திருக்கிறது, அங்கேயே எழுதிவிட்டார். 'துறைமுகம்' என்று தேடியும் கிடைக்காததற்குக் காரணம், அவர் கடைசிவரை 'ஹார்பர்' என்றே எழுதியிருந்தார்.

பேசும் பொருள் மாறினால் புது மடலாகத் தொடங்குங்கள். மறுமொழிப் பொத்தானை அழுத்திவிட்டுத் தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது. ஒவ்வொரு மடலுக்கும் நம் கண்ணில் படாத அடையாளக் குறி உண்டு. அதற்கு வரும் மறுமொழியும் அந்தக் குறியைத் தாங்கியே போகும். பல மின்னஞ்சல் செயலிகள் அதைப் பார்த்துத்தான் ஒரு மடலையும் அதன் மறுமொழிகளையும் ஒரே இழையாகக் கோக்கின்றன. தலைப்பு மாறினாலும் உங்கள் கேள்வி பழைய இழையின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

ஊர்ப்பெயர் விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. வண்ணாரப்பேட்டையை ஒருவர் வாஷர்மென்பேட் என்கிறார். தண்டையார்பேட்டை இன்னொருவருக்கு டோண்டியார்பேட். எனவே தலைப்பில் தமிழ்ப் பெயரையும், மடலுக்குள் ஒருமுறையாவது மற்றப் பெயரையும் எழுதும்படி எல்லோரையும் கேட்டுக்கொண்டோம். இந்தப் பதினைந்து ஆண்டுகளில் நாங்கள் செய்த மாற்றங்களில் அதிகம் பயன் தந்தது இதுதான்.

அடுத்து, மேற்கோள். மூன்று வரி மறுமொழிக்குக் கீழே முந்தைய எட்டு மடல்களும் வாலாகத் தொங்கும். கணினியில் படிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. திருவொற்றியூரில் இருக்கும் ஓர் அம்மா நாள் முழுவதற்குமான மடல்களை ஒரே தொகுப்பாகப் பெறுகிறார். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கித்தான் படிக்கிறார். அந்தத் தொகுப்பில் ஒரே பத்தி ஆறு முறை வந்தால் அவர் விரல் எத்தனை முறை தள்ள வேண்டும்! நீங்கள் எந்த வரிக்குப் பதில் சொல்கிறீர்களோ அந்த வரியை மட்டும் வைத்து, அதன் கீழே எழுதுங்கள். அரை நிமிட வேலை.

படங்களுக்கும் ஒரு சொல். ஜிமெயிலில் ஒரு மடலின் வரம்பு 25 எம்பி. மடலோடு சேர்க்கும் படங்களை மின்னஞ்சல் அமைப்பு எழுத்துகளாக மாற்றி அனுப்புவதால் அவற்றின் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. பெரிய படங்கள் சில சேர்ந்தாலே மடல் கனத்துவிடும். படத்தை வேறிடத்தில் ஏற்றிவிட்டு இணைப்பு முகவரியை அனுப்புவதே நல்லது. 'நன்றி' என்ற ஒற்றைச் சொல்லை எழுதியவருக்கு மட்டும் அனுப்பலாம். குழுவிலிருந்து விலக நினைப்பவர்கள் மடலின் அடியில் உள்ள வழியைப் பயன்படுத்தினால், மற்ற நூற்றுச்சொச்சம் பேருக்கு அது ஒரு மடலாக வந்து நிற்காது.

இனிச் சொல்லப்போவதுதான் என் மனத்தை அறுப்பது. ராயபுரம் ரயில் நிலையம் 1853-இல் திறக்கப்பட்டது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் எழுதினார். அது பம்பாயிலிருந்து தானேவுக்கு முதல் ரயில் ஓடிய ஆண்டு; ராயபுரம் திறக்கப்பட்டது 1856-இல். திருத்த வேண்டிய பிழைதான். ஓர் இளைஞர் அன்று இரவு பதினொன்றரை மணிக்கு, "வரலாறு தெரியாமல் எழுதாதீர்கள்" என்று தொடங்கி, குழு முழுவதற்கும் நான்கு பத்தி அனுப்பினார். நான் அதைப் பார்த்தேன். காலையில் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். விடிவதற்குள் இன்னும் இருவர் சேர்ந்துகொண்டார்கள்.

மறுநாள் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, வருஷம் தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த வயதில் இத்தனை பேர் நடுவில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டுமா?" என்றார். "ஐயா, மன்னித்துவிடுங்கள்" என்பதைத் தவிர எனக்குச் சொல்ல எதுவும் வரவில்லை.

இணையத்தில் எழுதுவோருக்காக 1995-இல் ஆர்எஃப்சி 1855 என்ற நெறிமுறை ஆவணம் வெளியானது. உணர்ச்சி கலந்த மறுமொழியை அனுப்புமுன் ஓர் இரவு பொறுத்திருங்கள் என்று அப்போதே அதில் எழுதிவைத்திருக்கிறார்கள். இப்போது புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் இதைத்தான் முதலில் அனுப்புகிறேன். பிழையைக் கண்டால் எழுதியவருக்குத் தனி மடலில் சொல்லுங்கள், அவரே குழுவில் திருத்தம் வெளியிட வழிவிடுங்கள் என்றும் சேர்த்து எழுதுகிறேன். காரம் ஏறும் இழையை, எத்தனை மணியானாலும், அன்றே நிறுத்திவைக்கிறேன்.

பெரியவர் அதன்பிறகு குழுவுக்குத் திரும்பி வரவில்லை. வடசென்னையின் மூலக்கொத்தளம் பகுதி பற்றி யாராவது கேட்டால், அவர் எழுதிய பழைய மடல்களைத்தான் இன்றும் எடுத்துத் தருகிறேன். அவருடைய தலைப்பு வரிகள் எப்போதும் தெளிவாக இருக்கும், தேடியதும் கிடைத்துவிடுகின்றன.